பெர்க்கிலியம் ஹாலைடு பற்றிய ஒரு குறிப்பைச் சரிபார்த்துப் படிப்பது எப்படி?

ஆக்டினைடுகள் (ஆக்டினியத்தைத் தொடர்ந்து வரும் கனமான தனிமங்கள்) பாடத்தில், செயற்கைத் தனிமமான பெர்க்கிலியத்துக்கும் அதன் ஹாலைடுகளுக்கும் (புளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய ஹாலஜன்களோடு அது சேர்ந்த சேர்மங்கள்) ஒதுக்கப்படுவது அதிகம் போனால் அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் டிரைகுளோரைடு பச்சை, டிரைஅயோடைடு மஞ்சள், உருகுநிலை 603 டிகிரி செல்சியஸ் என்று உதிரியாகக் கிடக்கும் செய்திகளை முதுகலை மாணவர்கள் மனப்பாடம் செய்து எழுதி, தேர்வு முடிந்த கையோடு மறந்துவிடுகிறார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள ஊர்களிலிருந்து வரும் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக வேதியியல் கற்பித்துவருபவன் என்ற முறையில், அந்தச் செய்திகளில் பெரும்பாலானவற்றை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை என்று நான் கருதுகிறேன். தாளும் பென்சிலும் தனிம வரிசை அட்டவணையும் இருந்தால், அவற்றை நாமே ஊகித்து, பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம். அதற்கான வழியே இங்கு தரப்படுகிறது. ஆய்வகத்தில் இச்சேர்மங்களைத் தயாரிக்கும் வழிமுறையை இதில் தேட வேண்டாம். உலகில் மிகச் சில ஆய்வகங்களுக்கு மட்டுமே அந்த வாய்ப்பு உண்டு.

தொடங்குவதற்கு முன் ஒரு சொற்குறிப்பு. எல்லைக்கு அப்பால் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் தனிமத்தை ‘மூலகம்’ என்றும், அரை வாழ்வுக் காலத்தை ‘அர்த்தாயுஸ்’ என்றும் எழுதுவார்கள். எதை எழுதினாலும் சரி, ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

அளவிலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்வி இது: நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பெர்க்கிலியம் இருக்குமா? கேள்வியில் தவறில்லை. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்து, அதில் மோனசைட்டு என்னும் கனிமம் இருப்பதை 1909-இல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்த நாள் முதல், தோரியமும் சீரியமும் லாந்தனமும் இந்தக் கரையோடு சேர்த்தே பேசப்படுகின்றன. ஆனால் பெர்க்கிலியம் அந்த மணலில் இல்லை. அதன் ஐசோடோப்புகளில் மிக நீண்ட ஆயுள் கொண்ட பெர்க்கிலியம்-247-க்கே அரை வாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,380 ஆண்டுகள்தான். பூமியின் வயதோ 450 கோடி ஆண்டுகளுக்கும் மேல். தொடக்கத்தில் ஏதேனும் இருந்திருந்தாலும் அது எப்போதோ அழிந்து போயிருக்கும். 1949 டிசம்பரில் தாம்சன், கியோர்சோ, சீபோர்க் ஆகிய மூவரும் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் அமெரிசியம்-241 மீது ஆல்பா துகள்களை மோதவிட்டு இத்தனிமத்தை உருவாக்கினார்கள். தனிம வரிசையில் அதற்கு நேர் மேலே உள்ள டெர்பியம் இட்டர்பி என்னும் ஸ்வீடன் நாட்டு ஊரின் பெயரைத் தாங்கியிருப்பதால், இதற்கும் ஓர் ஊரின் பெயரையே சூட்டினார்கள்.

வேதியியல் ஆய்வுக்குப் பயன்படுவது பெர்க்கிலியம்-249. இதன் அரை வாழ்வுக் காலம் ஏறத்தாழ 330 நாட்கள். அணு உலையில் எடைபோடத்தக்க அளவில் உருவாக்க முடிவது இந்த ஐசோடோப்பைத்தான். 1967-க்குப் பிறகு அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது அனைத்தையும் கூட்டினாலும் ஒரு கிராமைச் சற்றே தாண்டும். இதன் தூய சேர்மம் ஒன்று கண்ணால் காணத்தக்க அளவில் முதன்முதலாக 1962-இல் கிடைத்தது. அது டிரைகுளோரைடு, எடை ஒரு கிராமில் நூறு கோடியில் 3 பங்கு. இந்த எண்ணை அப்படியே விழுங்கிவிடாமல் ஒரு மணல் துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மோனசைட்டுத் துகளின் அடர்த்தியை 5 என்று வைத்துக்கொண்டால் அதன் எடை ஏறத்தாழ 21 மைக்ரோகிராம் வரும். அந்த முதல் குளோரைடு மாதிரி, அப்படிப்பட்ட ஒரு துகளில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. இனி ஒரு குறிப்பில் நிறம், உருகுநிலை, படிக அமைப்பு என்று எதைப் படித்தாலும், அது இவ்வளவு சிறிய பொருளிலிருந்து பெறப்பட்டது என்பது நினைவில் இருக்கட்டும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவும் நிறமாலையும் இத்துறையில் முதன்மை பெற்றதற்குக் காரணம், பொருளைச் செலவழிக்காமல் அளக்க அவை இடம் தருவதே.

கேள்விக்கு ஏற்ற அண்டைத் தனிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். பெர்க்கிலியம் டெர்பியத்துக்கு நேர் கீழே இருப்பதால், டெர்பியத்துக்குப் பொருந்துவது எல்லாம் இதற்கும் பொருந்தும் என்று எழுதிவிடுகிறார்கள். எலெக்ட்ரான் எண்ணிக்கையைப் பொறுத்தவரை அது சரி. +3 நிலையில் டெர்பியத்துக்கு 4எஃப் கூட்டில் எட்டு எலெக்ட்ரான்கள், பெர்க்கிலியத்துக்கு 5எஃப் கூட்டில் எட்டு. ஆனால் படிக அமைப்பைத் தீர்மானிப்பதில் அயனி ஆரத்துக்கே முதலிடம். அணைவு எண் (ஓர் அயனியை நேரடியாகச் சூழ்ந்திருக்கும் அண்டை அணுக்களின் எண்ணிக்கை) ஆறு எனில், +3 பெர்க்கிலியம் அயனியின் ஆரம் 0.96 ஆங்ஸ்ட்ராம், டெர்பியத்துக்கு 0.92, சமாரியத்துக்கு 0.96. ஆகவே, படிகத்தைப் பற்றிய கேள்வி என்றால் டெர்பியத்தை விட்டுவிட்டு சமாரியத்திடம் போக வேண்டும்.

இதைக் குளோரைடில் சோதித்துப் பாருங்கள். டெர்பியம் டிரைகுளோரைடு, புளூட்டோனியம் டிரைபுரோமைடின் படிக வகையைச் சேர்ந்தது. அதில் ஒவ்வொரு உலோக அயனியையும் எட்டு குளோரைடுகள் சூழ்ந்திருக்கும். சமாரியம் டிரைகுளோரைடோ யுரேனியம் டிரைகுளோரைடின் அறுகோண வகை. அதில் ஒன்பது குளோரைடுகள். பெர்க்கிலியம் டிரைகுளோரைடு அறை வெப்பநிலையில் எந்த வகை? ஒன்பது அணைவு எண் கொண்ட அறுகோண வகையே. டெர்பியத்தை நம்பியவர் தவறுவார், சமாரியத்தை நம்பியவர் தப்புவார். சூடாக்கிக்கொண்டே போய், உருகுநிலையான 603 டிகிரி செல்சியஸுக்குச் சற்றுக் கீழே வந்ததும் அது எட்டு அணைவு வகைக்கு மாறிவிடுகிறது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாறும் வாய்ப்பு அவ்வளவு அருகில் இருக்கிறது.

புளூரைடிலும் இந்த வழி கைகொடுக்கிறது. சமாரியம் டிரைபுளூரைடு குறைந்த வெப்பநிலையில் இட்ரியம் டிரைபுளூரைடின் செஞ்சாய்சதுர அமைப்பையும், சூடாக்கினால் லாந்தனம் டிரைபுளூரைடின் அமைப்பையும் கொள்ளும். பெர்க்கிலியம் டிரைபுளூரைடும் அப்படியே. 350 முதல் 600 டிகிரி செல்சியஸ் வரையிலான பகுதியில் மாற்றம் நிகழ்கிறது. நீரில் கரையாத, மஞ்சள் கலந்த பச்சை நிறமுள்ள இந்த உப்பை ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் லித்தியம் ஆவியால் ஒடுக்கியே மைக்ரோகிராம் அளவில் உலோகத்தைப் பெற்றார்கள். அயோடைடுக்கு அதிக நேரம் தேவையில்லை: சமாரியம் டிரைஅயோடைடு பிஸ்மத் டிரைஅயோடைடின் அறுகோண அடுக்கு வகை, அணைவு எண் ஆறு, பெர்க்கிலியம் டிரைஅயோடைடும் அதே வகை.

இதுவரை சொன்னதை ஒரு வரிசையாக நிறுத்திப் பார்த்தால் காரணம் தானே விளங்கும். புளூரைடிலும் குளோரைடிலும் ஒன்பது, அயோடைடில் ஆறு. எதிரயனி பருக்கப் பருக்க உலோக அயனியைச் சுற்றி நிற்கக் கிடைக்கும் இடம் குறைந்துகொண்டே போகிறது. அப்படியானால் இடையில் நிற்கும் புரோமைடுக்கு என்ன விடை வர வேண்டும்? எட்டா, ஆறா?

இரண்டும் வருகிறது. இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த சேர்மம் அதனால்தான் புரோமைடு. புளூட்டோனியம் டிரைபுரோமைடு வகையில் எட்டு அணைவு எண்ணோடு ஒரு வடிவமும், அலுமினியம் டிரைகுளோரைடு வகையில் ஆறு அணைவு எண்ணோடு ஒற்றைச்சரிவுப் படிகமாக மற்றொரு வடிவமும் உள்ளன. எட்டு அணைவு வடிவத்தை ஏறத்தாழ 350 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் அது ஆறு அணைவு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. ஆக்டினைடு வரிசையில் இடமிருந்து வலமாகப் போகும்போது அயனிகள் சுருங்கிக்கொண்டே வருகின்றன. பெர்க்கிலியத்துக்கு முன்னால் உள்ள புளூட்டோனியம், அமெரிசியம், கியூரியம் ஆகியவற்றின் புரோமைடுகள் எட்டு அணைவு வகையிலும், பின்னால் உள்ள கலிபோர்னியத்தின் புரோமைடு, நேரடியாகத் தயாரிக்கப்படும்போது, ஆறு அணைவு வகையிலும் நிற்கின்றன. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் கடைக்காரர் வருகிறவரின் முகத்தைப் பார்த்து மொழியைத் தீர்மானிப்பதைப் போல, பெர்க்கிலியம் புரோமைடும் வெப்பநிலையைப் பார்த்துத் தன் அமைப்பைத் தீர்மானிக்கிறது. தேர்வில் இப்படி எழுத வேண்டாம். இரு அமைப்புகளையும், மாறும் வெப்பநிலையையும் எழுதினால் போதும்.

+4 நிலைக்குச் சீரியத்தைக் கேளுங்கள்

அடுத்த கேள்வி, எந்த ஹாலைடில் பெர்க்கிலியம் +4 நிலையை அடைய முடியும் என்பது. +4 நிலையில் அதற்கு 5எஃப் கூட்டில் ஏழு எலெக்ட்ரான்கள், அதாவது பாதி நிரம்பிய கூடு. அதனால் அந்நிலை எட்டக்கூடியதாகிறது. டெர்பியத்துக்கும் +4 நிலையில் பாதி நிரம்பிய கூடே என்றாலும், அதன் ஒடுக்க மின்னழுத்தம் (எலெக்ட்ரானை ஏற்கும் நாட்டத்தின் அளவு) 3 வோல்ட் அளவில் இருப்பதால் நீரில் அது நிலைக்காது. இங்கும் டெர்பியம் நம்மைத் தவறான வழிக்கே கூட்டிச் செல்லும். பெர்க்கிலியத்தின் +4/+3 மின்னழுத்தம் ஏறத்தாழ 1.6 வோல்ட், இதற்கு மிக நெருக்கமான மதிப்பு சீரியத்துக்குத்தான் உண்டு. வேதிப் பிரிப்பிலும் இந்த உறவு வெளிப்படுகிறது: புரோமேட்டைக் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்தால் பெர்க்கிலியம் +4 நிலைக்குப் போய்விட, +3 நிலையிலேயே நிற்கும் கியூரியம், கலிபோர்னியம் ஆகியவற்றிலிருந்து அதைக் கரைப்பான் கொண்டு பிரித்தெடுக்க முடிகிறது. ஆனால் சீரியம் கலந்திருந்தால் அதுவும் கூடவே வந்துவிடும்.

இப்போது ஹாலஜன்களின் மின்னழுத்தங்களைப் பக்கத்தில் எழுதுங்கள்: புளூரின் 2.87, குளோரின் 1.36, புரோமின் 1.07, அயோடின் 0.54 வோல்ட். 1.6 வோல்ட் உள்ள அயனி, தன் மதிப்புக்குக் கீழே உள்ள ஹாலைடு அயனியிடமிருந்து எலெக்ட்ரானைப் பறித்துவிடும். புளூரைடிடம் அது நடக்காது. மற்ற மூன்றிடமும் நடக்கும். ஆகவே டெட்ராபுளூரைடு இருக்க வேண்டும். டெட்ராகுளோரைடு, டெட்ராபுரோமைடு, டெட்ராஅயோடைடு ஆகியவை இருக்கக் கூடாது. உண்மையும் இதுவே. பெர்க்கிலியம் டெட்ராபுளூரைடு யுரேனியம் டெட்ராபுளூரைடின் ஒற்றைச்சரிவு அமைப்பைக் கொண்ட மஞ்சள்பச்சைத் திண்மம்; டெட்ராகுளோரைடு அறியப்படவில்லை.

இந்தக் கணக்கு நீர்க்கரைசலுக்கான மதிப்புகளை வைத்துப் போட்டது என்பதை மறந்தால் ஓர் இடத்தில் இடறுவீர்கள். சீசியத்தோடு சேர்ந்த ஹெக்சாகுளோரைடு உப்பில் பெர்க்கிலியம் +4 நிலையிலேயே இருக்கிறது. ஆரஞ்சு நிறப் படிகங்களாக அதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆறு குளோரைடுகள் சூழ்ந்த அந்தப் பெரிய எதிரயனியும் பெரிய சீசியம் அயனியும் நெருக்கமாக அடுக்கி அமைவதால் படிகக்கூட்டு ஆற்றல் இந்நிலையைத் தாங்கிப் பிடிக்கிறது. வியப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. சீரியத்துக்கும் தனி டெட்ராகுளோரைடு கிடையாது, சீசியம் ஹெக்சாகுளோரைடு உப்பு மட்டும் உண்டு. ஒரு முறை தேர்வில் பெர்க்கிலியம் டெட்ராகுளோரைடின் நிறத்தை ‘இளம் ஆரஞ்சு’ என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது, இந்தச் சீசியம் உப்பின் நிறத்தைத்தான் பெயர் மாற்றி எழுதியிருக்கிறார் என்று தெரிந்தது. மதிப்பெண் கொடுக்க முடியவில்லை. ஆனால் படித்தவர் செய்யும் பிழை அது.

நீரேறிய உப்புகளையும் ஆக்சிஹாலைடுகளையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டிரைகுளோரைடின் ஹெக்சாஹைட்ரேட்டில் ஆறு நீர் மூலக்கூறுகளும் இரண்டு குளோரைடுகளும் உலோகத்தைச் சூழ்ந்திருக்க, மூன்றாவது குளோரைடு வெளியே தனித்து நிற்கிறது. அணைவு எண் எட்டு. ஆக்சிகுளோரைடும் ஆக்சிபுரோமைடும் லாந்தனைடுகளின் போக்கையே பின்பற்றுகின்றன.

நாளைக் குறிக்காமல் எதையும் எழுதாதீர்கள்

சோடியம் குளோரைடுப் புட்டியில் ஒட்டும் சீட்டில் தேதி இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. பெர்க்கிலியம் ஹாலைடில் தேதி இல்லாவிட்டால், புட்டியில் இருப்பது என்ன சேர்மம் என்பதே தெரியாது. பெர்க்கிலியம்-249 பீட்டா சிதைவடைந்து கலிபோர்னியம்-249 ஆகிறது. கலிபோர்னியம்-249-இன் அரை வாழ்வுக் காலம் 351 ஆண்டுகள் என்பதால், உருவான கலிபோர்னியம் அனைத்தும் ஏறக்குறைய அப்படியே தேங்கி நிற்கும். இயற்கை மடக்கை 2-இன் மதிப்பான 0.693-ஐ 330-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 0.21 சதவீதம் வருகிறது. இதே கணக்கில் 30 நாளில் 6 சதவீதமும், 90 நாளில் 17 சதவீதமும் கலிபோர்னியம் ஆகிவிடும். மூன்று ஆண்டு கடந்தால் எஞ்சியிருக்கும் பெர்க்கிலியம் பத்தில் ஒரு பங்கே.

இந்த அவசரம் எவ்வளவு உண்மையானது என்பதற்கு 2009-ஆம் ஆண்டு ஒரு சான்று. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 250 நாள் கதிர்வீச்சுக்கும், பிறகு 90 நாள் பிரிப்பு வேலைக்கும் பின் கிடைத்த 22 மில்லிகிராம் பெர்க்கிலியம், 117-ஆம் தனிமத்தை உருவாக்குவதற்காக ரஷ்யாவுக்கு அனுப்பப்பட்டது. சுங்கத்துக்கான தாள்களில் இருந்த குறைகளால் அந்தப் பொட்டலம் திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, மொத்தம் ஐந்து முறை அட்லாண்டிக்கைக் கடந்தது. சோதனைச் சாவடியில் லாரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டுத் தாளுக்காகக் காத்திருப்பவர்களைப் பார்த்தே வளர்ந்த நம் பகுதியினருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காய்கறி லாரியானால் தக்காளி அழுகும். இங்கே அழுகியது தனிமம். அடுத்து, ரஷ்யாவின் டூப்னா ஆய்வகத்தில் நடந்த மோதல் சோதனை 150 நாட்கள் நீடித்தது. அந்தக் காலத்தில் மட்டும் எத்தனை சதவீதம் கரைந்திருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 27 என்று விடை வர வேண்டும்.

ஹாலைடுகளில் இதன் விளைவு நுட்பமானது. பெர்க்கிலியம் டிரைபுரோமைடின் இரு வடிவங்களையும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்து அவ்வப்போது எக்ஸ் கதிரால் ஆராய்ந்தார்கள். பெர்க்கிலியம் பெரும்பாலும் கலிபோர்னியமாக மாறிய பிறகும் படிக அமைப்பு மாறவில்லை. எட்டு அணைவு வடிவம் எட்டிலேயே நின்றது. நேரடியாகத் தயாரிக்கும்போது கலிபோர்னியம் ஏற்காத அமைப்பில், வயதான பெர்க்கிலியம் படிகத்துக்குள் பிறந்த கலிபோர்னியம் குடியிருக்கிறது. வாடகைக்கு வந்தவர் மாறிவிட்டார், வீடு மாறவில்லை. ஆகவே படிக அமைப்பை மட்டும் பார்த்து உள்ளே இருப்பது பெர்க்கிலியம் என்று சொல்லிவிட முடியாது. நிறமும் உதவாது: இரு தனிமங்களின் டிரைகுளோரைடுகளும் பச்சை, டிரைஅயோடைடுகளும் மஞ்சள்.

வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தது வேதிவினை. ஹைட்ரஜனில் சூடாக்கியபோது கலிபோர்னியம் டிரைபுரோமைடு டைபுரோமைடாக ஒடுங்கியது. பெர்க்கிலியம் டிரைபுரோமைடு அசையவில்லை. இரண்டும் கலந்த மாதிரியிலும் முடிவு இதுவே. +2 நிலை கலிபோர்னியத்தில் எட்டும் தொலைவுக்கு வந்துவிடுகிறது, பெர்க்கிலியத்தில் இன்னும் வரவில்லை என்பதே இதன் பொருள். தவிர, கலிபோர்னியம்-249 வெளியிடும் ஆல்பா துகள்கள் படிகக்கூட்டைச் சிதைத்து மாதிரியைச் சூடாக்கவும் செய்யும். இதற்காக ஆய்வாளர்கள் கையாளும் வழி எளியது: ஒரே அளவீட்டைப் பல நாட்களில் திரும்பச் செய்து, மதிப்புகளை நாட்களுக்கு எதிராக வரைந்து, கோட்டைப் பின்னோக்கிச் சுழியம் நாளுக்கு நீட்டுவது. பிரித்தெடுத்த அன்றைய தூய பெர்க்கிலியத்தின் மதிப்பு அங்கே கிடைக்கும்.

ஐன்ஸ்டீனியத்தின் ஹாலைடுகளைப் படிப்பவர்கள் இதே கணக்கை இரண்டு படிகளாகப் போட வேண்டும். ஐன்ஸ்டீனியம்-253 ஏறத்தாழ 20 நாளில் பாதியாகி பெர்க்கிலியம்-249 ஆகும். அது மேற்சொன்னபடி கலிபோர்னியம் ஆகும். அங்கே ஒரு மாத விடுமுறைக்குப் பிறகு திரும்பி வந்தால் மாதிரியில் பாதிக்கு மேல் வேறு தனிமம்.

பயிற்சிக்கு ஒன்று. பிரித்தெடுத்து 45 நாளான பெர்க்கிலியம் டிரைகுளோரைடு மாதிரி ஒன்றைப் பற்றிய குறிப்பு உங்கள் முன் இருப்பதாக வைத்துக்கொண்டு, பதிவேட்டில் அதை எப்படி எழுதுவீர்கள்? என் மாணவர்களிடம் நான் எதிர்பார்க்கும் வரி இது: ‘உலோகத்தில் பெர்க்கிலியம் 91 சதவீதம், கலிபோர்னியம் 9 சதவீதம், அமைப்பு அறுகோணம், யுரேனியம் டிரைகுளோரைடு வகை, அணைவு எண் 9, ஆக்சிஜனேற்ற நிலை +3, நிறம் பச்சை, ஆனால் நிறத்தை வைத்து அடையாளம் காண இயலாது, பிரித்தெடுத்த நாளிலிருந்து 45-ஆம் நாள்.’